வன்னியில் படம் எடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, வவுனியாப் பக்கம் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என்னிடம் யார் வந்து எந்தக் கமரா நல்லது என்று கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இந்தப் படத்தை யார், எதில், எங்கே இருந்து பார்க்கப் போகிறார்கள் என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும்.

போனில் எடுத்தால் அதைப் படமென்று ஏற்பார்களா?

ஏற்பார்கள், ஏற்றுக் கனகாலம் ஆகிவிட்டது. ஷான் பேக்கர் இயக்கி 2015இல் சன்டான்ஸ் விழாவில் காட்டிய 'டாஞ்சரின்' ஐபோன் 5எஸ்ஸில் எடுத்த படம். 2018இல் ஸ்டீவன் சோடர்பெர்க் ஐபோன் 7 பிளஸ்ஸில் ஒரு முழுநீளப் படம் எடுத்துத் திரையரங்குக்கே கொண்டுவந்தார். இன்று உங்கள் கையில் இருக்கிற நடுத்தர விலைப் போன், பல விசயங்களில் அந்த 5எஸ்ஸை விட மேலானது. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 'டாஞ்சரின்' குழு படத்தைத்தான் போனில் பிடித்தது, சத்தத்தைத் தனியாக, அதற்குரிய மைக்குகளும் ஆளும் வைத்துப் பதிவு செய்தது. லென்ஸுக்கு மேல் பொருத்த ஒரு சிறிய அகலத்திரை லென்ஸும் வைத்திருந்தார்கள். போன் என்பதால் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை.

போனில் என்ன செற்றிங் வைக்க வேண்டும்?

செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விடுகிற நேரம், செக்கனில் 50இல் ஒன்று. இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ரியூப் லைற்றும் மலிவான எல்இடி பல்புகளும் ஒரு செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போன் வழமையாக வைத்திருக்கிற 30 பிரேமில் எடுத்தால் சுவரில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடும். எடிற்றிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வெயிலில் 50இல் ஒன்று வைத்தால் படம் வெளிறிப்போகும், அதற்கு லென்ஸுக்கு முன்னால் என்டி பில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்று போட வேண்டும்.

அடுத்தது, போனோடு வருகிற சாதாரணக் கமரா செயலியை விட்டுவிடுங்கள். அது வெளிச்சத்துக்கு ஏற்றமாதிரிப் பிரேம் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும், நீங்கள் வேறாகப் பதிந்த சத்தத்தைப் பிறகு பொருத்தும்போது நீளமான காட்சிகளில் வாய் ஒருபக்கம் வசனம் ஒருபக்கம் போகும். பிளாக்மேஜிக் கமரா செயலி இலவசம், ஐபோனுக்கு 2023இலும் அன்ட்ரொய்டுக்கு 2024இலும் வந்தது. அதில் பிரேம், ஷட்டர், நிறம், போகஸ் எல்லாவற்றையும் பூட்டி வைக்கலாம். எயார்பிளேன் மோட் போடுங்கள். 4கே-யில் ஒரு மணித்தியாலம் எடுத்தால் 10 ஜிபிக்கு மேலேயும் போகலாம், மத்தியான வெயிலில் போன் சூடேறித் தானாக நிற்கும், ஆகவே ஈரத்துணி சுற்றாமல் நிழலில் வைத்து ஆறவிடுங்கள்.

எந்தக் கமரா வாங்கலாம்?

வாங்காதீர்கள். எங்கள் பட்டணங்களில் கல்யாண வீடு, சாமத்திய வீடு எடுக்கிற ஸ்ரூடியோக்களில் நல்ல கமரா, அதை ஆடாமல் பிடிக்கிற கிம்பல், லைற் எல்லாம் இருக்கிறது, கிழமை நாட்களில் அவை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். வாடகைக்குத் தருவார்கள், அதை இயக்கத் தெரிந்த ஒரு பெடியனையும் சேர்த்துத் தருவார்கள். கடன்பட்டுக் கமரா வாங்கிய கனபேர் அந்தக் கடனை அடைக்கக் கல்யாணமே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், படம் எடுக்க நேரமில்லை.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது, எதில் போட வேண்டும்?

சத்தத்தில். மங்கலான படத்தைச் சனம் பொறுத்துக்கொள்ளும். வசனம் விளங்காவிட்டால் மண்டபத்தில் கதைக்கத் தொடங்கிவிடும், போனில் என்றால் அடுத்ததுக்குத் தள்ளிவிடும்.

எங்கள் இடத்துக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் இரணைமடுக் குளக்கட்டிலோ வெறும் வயல் வெளியிலோ நின்று வசனம் எடுப்பதென்றால், மைக்குக்கு வெறும் பஞ்சுறை போதாது, மயிர் போர்த்த காற்றுறை வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காட்சி வீட்டுக்குள் நடப்பதாக எழுதி மாற்றிவிடுங்கள். மயில் இருக்கிறது. லாண்ட்மாஸ்ரர் என்கிற இருசக்கர உழவு இயந்திரம் இருக்கிறது, அது ஒரு மைலுக்கு அப்பால் போனாலும் மைக் பிடித்துவிடும். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே தொடங்கும், ஆகவே இடம் பார்க்கப் போகும்போது பக்கத்துக் கோயில் கொடியேற்றம் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் திகதி குறிக்க வேண்டும். தகரக் கூரை வீட்டில் மாரியில் வசனம் எடுக்க நினைப்பதே பிழை.

மலிவான வழி ஒன்று இருக்கிறது. சட்டையில் குத்துகிற சின்ன வயர் மைக் ஒன்றை இன்னொரு போனில் செருகி, அந்தப் போனை நடிகரின் இடுப்பில் வைத்துப் பதிவுசெய்யுங்கள். காட்சி தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருதரம் கைதட்டுங்கள், எடிற்றிங்கில் அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்தலாம். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் எடுத்து வையுங்கள். வெட்டிய வசனங்களுக்கு இடையில் அதுதான் ஒட்டுப்போடும்.

இரைச்சலை நீக்குகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பேச்சுக்கு உதவும். ஆனால் அவை மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் இரைச்சல் என்று நினைக்கிற கருவிகள். கோவலன் கூத்தைப் பதிவுசெய்து அதற்குள் போட்டால் மத்தளம் நசுங்கும், பிற்பாட்டுக்காரர் காணாமல் போவார். கூத்தையும் பறையையும் அதற்குள் விடாதீர்கள், அவற்றை முதலிலேயே நல்ல மைக்கில் எடுக்க வேண்டும்.

லைற் இல்லாமல் எடுக்கலாமா?

எடுக்கலாம். காலை எட்டு மணிக்கு முன், பின்னேரம் நான்கு மணிக்குப் பின். நடுவில் பாலை மர நிழலோ வீட்டு விறாந்தையோ போதும், முகத்துக்கு எதிரே ஒரு வெள்ளை றெஜிபோம் மட்டையைப் பிடித்தால் கண்ணுக்குள் வெளிச்சம் வரும்.

ட்ரோன் ஷொட் இல்லாமல் படம் எடுபடுமா?

எடுபடும். வன்னியில் எடுக்கிற ஒவ்வொரு படமும் குளத்துக்கு மேலால் பறந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டமாதிரி இருக்கிறது. கதைக்கு உயரம் தேவையென்றால் மட்டும் எடுங்கள். ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவுசெய்திருக்க வேண்டும், பறக்கவிட அனுமதியும் வேண்டும், அந்த அனுமதியும் பதிவும் உள்ள ஓட்டுநரையே பிடியுங்கள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகாம் இருக்கிறது, முகாமுக்கு மேலோ பக்கத்திலோ பறக்கவிட்டு மாட்டிக்கொண்டால் கருவி மட்டுமல்ல, எடுத்த படம் எல்லாமும் போகும்.

அதைவிடப் பெரிய விசயம் ஊர்ச்சனம். போர்க்காலத்தில் 'வண்டு' என்று சனம் சொன்ன ஆளில்லா வேவு விமானம் தலைக்கு மேல் சுற்றினால் அடுத்தது என்ன வரும் என்று தெரிந்து பங்கருக்குள் ஓடிய ஆக்கள் இன்னும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். ட்ரோனின் இரைச்சல் அவர்களுக்கு வெறும் இரைச்சல் இல்லை. முதல்நாளே கிராம சேவகரிடமும் அயல் வீடுகளிலும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காட்டுக்குள் எடுக்கலாமா?

மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுப் பலகை போட்ட இடத்துக்குள் ஒரு அடிகூட வைக்காதீர்கள், ஷொட் எவ்வளவு வடிவாக இருந்தாலும் சரி. பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நடக்கிற பாதையை விட்டு இறங்க வேண்டாம். பொழுதுபட்டால் யானை. அந்த ஊர் ஆள் ஒருவரைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், வீரக்கதை தேவையில்லை.

பெரிய படங்களில் எல்இடி சுவருக்கு முன்னால் எடுக்கிறார்களே, அது எங்களுக்குச் சரிவருமா?

2019இல் 'த மண்டலோரியன்' தொடரில் பிரபலமான முறை அது. நடிகரைச் சுற்றி ஆறு மீற்றர் உயரத்தில் வளைந்த எல்இடி சுவர், அதில் கணினி விளையாட்டுகளைச் செய்கிற அன்ரியல் மென்பொருள் பின்னணியை ஓடவிடும், கமரா நகர்ந்தால் பின்னணியும் அந்தக் கோணத்துக்கு ஏற்பத் திரும்பும். பச்சைத் துணி முறையில் பின்னால் என்ன வரும் என்று தெரியாமல் நடிக்க வேண்டியிருந்தது, இதில் நடிகர் காண்பதைத்தான் கமராவும் காண்கிறது, முகத்தில் விழுகிற வெளிச்சமும் அந்தக் காட்சியின் வெளிச்சம். ஆனால் பாலைவனம் இல்லாதவர்கள் பாலைவனத்தைச் செய்ய எடுத்த வழி இது. எங்களுக்குக் குளமும் காடும் கடலும் வெளியே இருக்கிறது.

அதே குடும்பத்துத் தொழில்நுட்பத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் பழகச் சொல்லுவேன், போட்டோகிராமெற்றி. ஒரு கட்டடத்தைச் சுற்றி நடந்து, ஒரு படமும் அடுத்த படமும் முக்கால்வாசி ஒன்றன்மேல் ஒன்று விழுகிறமாதிரி நூற்றுக்கணக்கான படங்களைப் போனில் எடுத்தால், மென்பொருள் அதை முப்பரிமாண உருவாகக் கட்டித்தரும். ஷெல் விழுந்த பள்ளிச் சுவர், சன்னம் பட்ட பழைய கடைத் தூண், இவையெல்லாம் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிதாகக் கட்டப்படுகின்றன. கட்டட்டும், சனம் புது வீட்டில் இருக்கத்தான் வேண்டும். இடிப்பதற்கு முதல் ஒரு பின்னேரம் போய் எடுத்து வைத்தால், பத்து வருடம் கழித்து ஒரு படத்தில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு நடிகரை நிறுத்தலாம்.

அனிமேசனும் கைக்கு எட்டாததல்ல. லற்வியா நாட்டின் 'ஃபுளோ' என்ற படம் பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் செய்யப்பட்டு, 2025இல் சிறந்த அனிமேசன் படத்துக்கான ஒஸ்காரை வாங்கியது.

செயற்கை நுண்ணறிவை எவ்வளவுக்குப் பாவிக்கலாம்?

நேர்காணலை எழுத்தாக்க, சப்ரைட்டிலின் முதல் பிரதி போட, நிறத்தைச் சீர்செய்ய, தாராளமாக. எழுத்தாக்கும்போது எங்கள் பேச்சுவழக்கை அது அடிக்கடி பிழையாகக் கேட்கும், ஒரு வரியும் விடாமல் திருத்துங்கள்.

குரலையும் முகத்தையும் செய்வது வேறு விசயம். 2023இல் ஹொலிவூட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். தமிழில் 2024இல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த இரண்டு பாடகர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் ஒரு பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். குறைந்தபட்ச ஒழுங்கு அது.

போர்க்காட்சிகளை, முள்ளிவாய்க்கால் நாட்களை, செயற்கையாக உருவாக்கி ஆவணப்படத்துக்குள் போடாதீர்கள். அந்த நாட்களின் உண்மையான படங்களையே பொய் என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்த ஒரு போலிப் படம் போதும், அதைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். பதிவு இல்லாத இடத்தில் கறுப்புத் திரையும் பார்த்தவரின் குரலும் போதும், அல்லது கையால் வரைந்த படம்.

எடிற்றிங்குக்கு எது?

டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பு. கணினி திணறினால் முதலில் குறைந்த தரப் பிரதி, அதாவது புரொக்ஸி, உருவாக்கி அதில் வெட்டுங்கள். அடோபி பிரீமியரில் 'கொ', 'தெ' போன்ற எழுத்துகள் சிதறி வந்தால், விருப்பத்தேர்வுகளில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். தலைப்பிலேயே தமிழ் உடைந்து வருகிற படத்தைப் பார்க்க எனக்கு மனம் வருத்தப்படும்.

நல்ல படம்தான், யாரும் பார்க்கவில்லை. விளம்பரம் எப்படிச் செய்வது?

பெரும்பாலானவர்கள் படம் முடிந்த அடுத்த நாள்தான் விளம்பரத்தை யோசிக்கிறார்கள். படப்பிடிப்பின் முதல் நாளிலேயே அது தொடங்க வேண்டும், அன்றே ஒரு ஆள் நல்ல நிழற்படங்கள் எடுக்க வேண்டும். வீடியோவில் இருந்து பிடுங்கிய மங்கல் படத்தில் போஸ்டர் செய்ய முடியாது.

இணையத்தில் படத்தைச் சந்தைப்படுத்துவதற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் 1999இல் வந்த 'த பிளேர் விட்ச் புரொஜெக்ட்'. மிகச் சிறிய செலவில் எடுத்து உலகம் முழுக்க 24 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. படம் வருவதற்கு முன்பே ஒரு இணையத்தளம் போட்டு, காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள் காணாமல் போனதாகச் சொல்லி, அவர்களைத் தேடும் சுவரொட்டிகளும் ஒட்டினார்கள். எங்கள் படம் நல்ல படம் என்று சொல்லாமல் பார்வையாளருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார்கள், அதைப் படிக்கலாம். ஆனால் அந்தச் சுவரொட்டி உத்தியை இங்கே தொடவே கூடாது. 2017இல் இருந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தாய்மார் பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருந்திருக்கிறார்கள். காணாமல் போனவரின் படம் எங்களுக்கு விளம்பரச் சரக்கில்லை.

எங்களுக்குச் சரிவருவது எது? நடித்தவர்களின் ஊர், படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், இவற்றின் வட்ஸ்அப் குழுக்கள். பேஸ்புக்கில் காசு கட்டிப் பரப்புவதை விட, நடித்த ஆச்சியின் பேரப்பிள்ளை குடும்பக் குழுவில் போடுகிற ஒரு வரி தூரம் போகும், ஏனென்றால் அந்தக் குழுவில் பிரான்சும் கனடாவும் இருக்கிறது. முன்னோட்டம் 40 செக்கன் போதும், நிமிர்த்திப் பிடித்த போனுக்கு ஏற்ற ஒரு வெட்டும் சேர்த்துச் செய்யுங்கள். முதல் மூன்று செக்கனில் உங்கள் நிறுவன இலச்சினை சுழலக்கூடாது, ஒரு முகமோ ஒரு வசனமோ வர வேண்டும். சத்தத்தை நிறுத்திப் பார்க்கிறவர்கள் கனபேர், ஆகவே எழுத்தும் போடுங்கள். போஸ்டரைச் சுவரளவில் பார்த்து ரசிக்காமல் போனில் பெருவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், தலைப்பு வாசிக்க முடிகிறதா? ஊருக்குள் திரையிடுகிறீர்களா, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவுக்கு இன்னும் மேலான விளம்பரம் கிடையாது. படத்தில் இல்லாத ஒன்றை முகப்புப் படத்தில் போட்டு ஏமாற்றினால் ஒருமுறை வருவார்கள், பிறகு வரமாட்டார்கள்.

யூரியூப்பில் உடனே போடலாமா?

விழாக்களுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் பொறுங்கள். இணையத்தில் ஏற்கெனவே வந்த படத்தைப் பல விழாக்கள் எடுக்காது. யாழ்ப்பாணத்தில் 2015இல் தொடங்கிய சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது, வெளிநாட்டு விழாக்களும் இணையம் வழியே விண்ணப்பம் எடுக்கின்றன. ஆங்கில, சிங்கள சப்ரைட்டில்களைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனிக் கோப்பாக வையுங்கள். விழாக்களின் பதில் வந்தபிறகு ஊரில் திரையிட்டு, அதற்கடுத்து யூரியூப். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் திரும்ப எடுக்க முடியாது.

புலம்பெயர்ந்த ஆக்களை எப்படிப் பிடிப்பது?

நேரம் பார்த்து விடுங்கள். ஞாயிறு பின்னேரம் இங்கே ஏழரை என்றால், கோடைகாலத்தில் லண்டனில் மூன்று மணி, பாரிஸிலும் சூரிச்சிலும் நான்கு மணி, ரொறொன்ரோவில் காலை பத்து. எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் இது ஒன்றுதான். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், எங்கள் வேகப் பேச்சு முழுதாக விளங்காது, ஆங்கில சப்ரைட்டில் இருந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்து பார்ப்பார்கள். அதற்காகப் பாத்திரங்களைச் சென்னைத் தமிழில் பேசவிடாதீர்கள். அவர்கள் தேடி வருவதே இந்தப் பேச்சுக்குத்தான்.

சினிமாப் பாட்டு போடலாமா?

கூடாது. யூரியூப் தானாகக் கண்டுபிடித்துப் படத்தை முடக்கும், அல்லது வருமானத்தைப் பாட்டுக்காரருக்குத் திருப்பிவிடும். ஊரில் பாடுகிற, வாசிக்கிற ஆக்களைப் பிடியுங்கள்.

காசு வருமா?

யூரியூப்பில் விளம்பரப் பங்கு எடுக்க 1,000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். ஒரு குறும்படத்தால் அது வராது, தொடர்ந்து போடுகிறவர்களுக்குத்தான். முதல் படத்தில் போட்ட காசு திரும்பும் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. நடித்தவர்களுக்குச் சாப்பாடும் பயணச் செலவுமாவது ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அடுத்த படத்துக்கு அதே ஆக்கள் வருவார்கள்.

நேர்காணல் தந்தவர்களுக்கு என்ன கடமை?

படம் வெளியே போவதற்கு முதல் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த மண்ணில் எத்தனையோ கமராக்கள் வந்து அழ வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன, திரும்பி வந்து காட்டியவர்கள் குறைவு. முகம் காட்டச் சம்மதமா, பெயர் போடலாமா என்று எடுத்த அன்றும் கேளுங்கள், வெட்டி முடிந்தபிறகும் கேளுங்கள். இடையில் மனம் மாறினால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், படம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஊரில் திரையிட என்னென்ன வேண்டும்?

பொதுமக்களுக்குக் காட்ட, முக்கியமாக ரிக்கற் வைத்துக் காட்ட, கொழும்பில் தணிக்கைச் சபையின் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பொதுநோக்கு மண்டபம் என்றால் பிரதேச சபையிடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். யன்னல்கள் வழியே வெளிச்சம் வரும், தறப்பாள் கட்டி மறைக்கலாம், அல்லது ஏழு மணிக்குப் பிறகு போடலாம். ஆனால் கடைசி பஸ்ஸில் போக வேண்டிய ஆக்களையும் யோசியுங்கள். புரொஜெக்ரர் 3,000 லூமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். திரையரங்கில் போடுவதென்றால் டிசிபி என்கிற டிஜிற்றல் சினிமாக் கோப்பு கேட்பார்கள், டிசிபி-ஓ-மற்றிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம், மண்டபத்துக்கு மடிக்கணினியும் சாதாரண எம்பி4 கோப்பும் போதும். ஒலிபெருக்கிச் சேவைக்காரர் கோயில் பாட்டுக்கு வைத்த அளவிலேயே பாஸைத் திருகி வைத்திருப்பார், பின்னேரமே போய் அவரோடு இருந்து, கடைசி வரிசைக் கதிரையில் வசனம் விளங்குகிறதா என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். முன்னால் பாய் விரித்தால் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். கரண்ட் போனால் ஜெனரேற்றருக்கு மாற்றும்வரை புரொஜெக்ரரையும் கணினியையும் தாங்க ஒரு யுபிஎஸ் வையுங்கள், ஜெனரேற்றரை மண்டபத்துக்குப் பின்னால் தள்ளி, காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக.